வலப்பக்கம் சுற்றிய மான்கள்

ஒரு மனிதனும் அறுபத்தொரு பனிமான்களும் ரயிலில் அடிபட்டுச் செத்த விவகாரத்தை முப்பது வினாடி ஓடும் ஒரு படம் முடித்து வைத்திருந்தது. அந்தப் படம் சரிதானா என்று பார்த்துச் சொல்ல எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டு மணிக்குக் கூட்டம். பத்தேகாலுக்கு நாங்கள் யெல்லிவாரே ஊருக்கு வெளியே ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் மூன்றாவது மாடியில் காலுறையோடு நின்றுகொண்டிருந்தோம். காலணியை வாசலிலேயே கழற்றியாகிவிட்டது. என் காலுறையின் ஓட்டை வழியாகக் கட்டைவிரல் விசாரணையைப் பார்க்க வந்திருந்தது.

நாங்கள் என்றால் டோர்கெலும் நானும். டோர்கெல் இருபத்திரண்டு வருடம் போலீஸில் இருந்தவர். மேலதிகாரியிடம் ஒருமுறை உண்மையைச் சொல்லித் தொலைத்ததால் வெளியே வந்து, துப்பறிவாளர் என்று பலகை மாட்டினார். நான் ஐலி, அவருடைய உதவியாள். கார் ஓட்டுவது, காப்பி போடுவது, அவர் வாயைத் திறக்காத இடங்களில் அவருக்கும் சேர்த்துப் பேசுவது, இதுதான் என் உத்தியோகம். மூன்றாவதில்தான் உழைப்பு அதிகம்.

கூட வந்திருந்தவர் நீலாஸ், எங்களை அமர்த்தியவர். அறுபத்தெட்டு வயது. அந்த வட்டாரத்து மான் மேய்ப்பவர்கள் சங்கத்துக்குத் தலைவர். செத்துப்போன ஆன்டே அவருடைய ஒரே மகன்.

நடந்தது இதுதான். ஆறு வாரத்துக்கு முன்னால், அக்டோபரில் ஒரு சாயங்காலம், மலையிலிருந்து இறக்கிய மான்களை ரயில் பாதைக்குப் பக்கத்துப் பட்டியில் அடைத்திருந்தார்கள். அவரவர் மானைப் பிரித்தெடுக்க மற்றவர்கள் மறுநாள் காலையில் வருவதாக ஏற்பாடு. காவலுக்கு இரண்டே பேர். பட்டிக்கு வடக்கே ஒரு படல், தெற்கே ஒரு படல். வடக்குப் படல் ரிஸ்டெனின் பொறுப்பு. தெற்குப் படல் ஆன்டேயின் பொறுப்பு. ஐந்தே முக்கால் வாக்கில் மான்கள் பட்டியை விட்டு வெளியேறி, வேலியைச் சுற்றிக்கொண்டு மேற்கே ஓடித் தண்டவாளத்தில் ஏறிவிட்டன. விரட்டப் போன ஆன்டே, வந்த ரயிலுக்குக் கையை ஆட்டிக்கொண்டே அடிபட்டான். சத்தம் கேட்டு ஓடிவந்த ஆட்கள் இரண்டு படல் வழியாகவும் புகுந்துவிட்டார்கள். முதலில் திறந்து கிடந்தது எந்தப் படல் என்று அதற்கப்புறம் யாராலும் சொல்ல முடியவில்லை.

படல் கயிற்றைக் கட்டினேன், கட்டிவிட்டுத்தான் நகர்ந்தேன் என்றுதான் ரிஸ்டென் முதலில் சொன்னாள். பிறகு அந்தப் படம் வந்தது. சங்கத்தில் பெரிய திரையில் போட்டார்கள். மானுக்கு ஒரு புள்ளி. அத்தனை புள்ளிகளும் வடக்குப் படல் வழியாகக் கொட்டுவதை நாற்பது பேர் பார்த்தார்கள். அதில் ரிஸ்டெனும் ஒருத்தி. அன்றிலிருந்து அவள் "கட்டினேன்" என்று சொல்வதை விட்டுவிட்டாள். கேட்டால், மறந்திருப்பேன் போல என்கிறாளாம்.

விபத்து என்று எழுதிப் போலீஸ் மூடிவிட்டது. சங்கத்துச் சட்டம் அப்படி விடாது. படலைக் கட்ட மறந்து ஓர் உயிர் போகக் காரணமானவருக்கு மந்தையில் இடம் இல்லை. ரிஸ்டெனுக்கு மந்தையை விட்டால் வேறு பிழைப்பும் இல்லை. இரண்டு மணிக்கு அவளை நீக்கத் தீர்மானம். படத்தை எல்லாம் சாட்சியாக ஏற்க முடியாது என்று அவளுடைய வக்கீல் ஒரு கடிதம் எழுதியிருந்தார். அதனால்தான் நாங்கள்.

ரிஸ்டென் நீலாஸின் தங்கை மகள். காரில் வரும்போது அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"மகன் செத்த ஆத்திரத்துல தங்கச்சி பொண்ணைத் துரத்திட்டான்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லக் கூடாது. படம் சரின்னு நீங்க எழுதிக் கொடுங்க. அது போதும்."

"தப்பா இருந்தா?" என்றேன்.

"இருக்காது பொண்ணே. நான் பார்த்தேன்."

பார்த்தவர்கள் எல்லாரும் இப்படித்தான் சொல்கிறார்கள். கண்ணை நம்புகிற அளவுக்கு நாம் கட்டிய புருஷனைக்கூட நம்புவதில்லை.

படத்தைச் செய்தவள் ஸிக்னே. ஸ்டாக்ஹோமிலிருந்து வந்து இரண்டு வருடமாக இங்கே ஆராய்ச்சி செய்கிறாள். முப்பதைத் தாண்டாத வயது, மூக்கு நுனியில் கண்ணாடி, மேஜை மேல் மூன்று திரைகள். நாங்கள் கேட்பதற்கு முன்பே விளக்க ஆரம்பித்தாள். மந்தையில் இருபது மான்களுக்குக் கழுத்துப்பட்டை மாட்டியிருந்தார்கள். அவை எந்த நொடியில் எங்கே இருந்தன என்று அந்தப் பட்டை சொல்லும். மீதி மான்களைக் கணினிக்குள் அவளே உண்டாக்கினாள். பக்கத்து மானை ஒட்டிப் போ, இடிக்காதே, பயந்தால் ஓடு என்று ஒவ்வொரு மானுக்கும் நாலைந்து புத்தி சொல்லி, பட்டை மான்களுக்கு நடுவே அவிழ்த்துவிட்டாள்.

டோர்கெல் முதல் கேள்வியைக் கேட்டார். மொத்தம் எத்தனை மான்?

"முந்நூறு."

"அந்த எண்ணிக்கை எங்கேருந்து வந்துச்சு?"

ஸிக்னே நெளிந்தாள். மேய்ப்பவர்களிடம் போய், உங்களிடம் எத்தனை மான் இருக்கிறது என்று கேட்டாளாம். அத்தனை பேரும் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பருவநிலையைப் பற்றிப் பேசினார்களாம்.

"பின்னே," என்றேன். "வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் பீரோ சாவி எங்கன்னு கேட்டா காப்பியா கொடுப்பாங்க?"

நீலாஸ் முதல்முறையாகச் சிரிக்கப் பார்த்தார். ஆக முந்நூறு என்பது ஸிக்னேயின் ஊகம். ஆனால் மான் கூடினாலும் குறைந்தாலும் படல் மாறாது என்று அவள் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. டோர்கெல் அதை விட்டுவிட்டார்.

"படத்தை நீங்களா வரைஞ்சீங்க?"

அதுதான் இல்லை என்றாள் பெருமையாக. அதற்கென்று தயாராக ஒரு நிரல்தொகுப்பு இருக்கிறது. இவர்கள் தொழிலில் அதை லைப்ரரி என்கிறார்கள், புத்தகமே இல்லாத லைப்ரரி. இந்த மந்தையை அப்படியே அதன் கையில் கொடுத்துவிட்டால், மானுக்கு ஒரு புள்ளி வைத்து, நொடிக்கு நொடி நகர்த்தி, அடியில் நிலப்படத்தை விரித்து, கடைசியில் ஓடும் படமாகக் கட்டிக் கொடுத்துவிடும்.

"மூணே வரிதான் எழுதினேன். மிச்சமெல்லாம் தானா நடந்துச்சு."

"தானா நடக்கிற வேலையிலதான் ஆளுங்க தூங்குவாங்க," என்றார் டோர்கெல். "போடுங்க, பாப்போம்."

போட்டாள். நிலப்படத்தில் மேலே ஏரி, கீழே தார் ரோடு, இடப்பக்கம் தண்டவாளம், நடுவில் வட்டமாகப் பட்டி. மூலையில் மணி ஓடியது. ஐந்து நாற்பத்தொன்றுக்கு முதல் புள்ளி வடக்குப் படலைத் தாண்டியது. பிறகு மூட்டை கிழிந்த பட்டாணி. அரை நிமிடத்தில் பட்டி காலி. நீலாஸ் திரையைப் பார்க்கவில்லை. எங்களுக்குப் பின்னால் உட்கார்ந்து ஆறிப்போன காப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் குறை ஒன்றும் காணவில்லை. ஏரி ஏரியின் இடத்தில் இருந்தது, ரோடு ரோட்டின் இடத்தில். ரிஸ்டெனுக்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டுவிட்டு, எங்கே சாப்பிடலாம் என்று யோசிக்கத் தொடங்கினேன். டோர்கெல் மட்டும் மூலையில் இருந்த மணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது அஞ்சு நாப்பத்தொண்ணுக்கு ஆரம்பிக்குது. அதுக்கு முன்னாடி?"

அதற்கு முன்னால் பத்து நிமிடம் இருக்கிறது, ஆனால் அதில் ஒன்றுமே நடக்காது என்றாள் ஸிக்னே. மான்கள் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். கூட்டத்தில் ஆட்கள் கொட்டாவி விடுவார்கள் என்று வெட்டிவிட்டாளாம்.

"ஒண்ணும் நடக்காததைத்தான் நான் பார்க்கணும்."

முழுப்படம் ஓடியது. பட்டிக்குள் முந்நூறு புள்ளிகள் வட்டம் வந்தன. கடிகார முள் போகிற மாதிரியே ஒழுங்காக, அலுப்பாக வந்தன. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். எனக்குத் தலை சுற்றியது. பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. நீலாஸ் எப்போது நிமிர்ந்தார் என்று தெரியவில்லை.

"இதுங்களுக்கு என்ன கேடு?" என்றார் எரிச்சலாக. "வலப்பக்கமா சுத்துதுங்க."

"தேர்தல் முடிஞ்சதுல மானும் வலதுசாரி ஆயிடுச்சோ என்னமோ," என்றேன்.

அவர் என்னைக் கவனிக்கவில்லை. "மானை அடைச்சா இடப்பக்கமாத்தான் சுத்தும். எங்கப்பன் மானும் அப்படித்தான், என் மானும் அப்படித்தான். குட்டியா இருந்தாலும் கிழடா இருந்தாலும் இடப்பக்கம்தான். யாரும் சொல்லிக் கொடுக்கிறது இல்ல." பிறகு ஸிக்னேயைப் பார்த்து, பட்டணத்து மான் போல என்று முணுமுணுத்தார்.

ஸிக்னே சிவந்துபோய், சுற்றும் திசையை அவள் சொல்லிக் கொடுக்கவில்லை என்றாள். பட்டை மான்கள் எப்படிப் போயினவோ அதைத்தான் மற்றவை பின்பற்றின. அந்த இருபதும் உண்மை மான்கள், உண்மைத் தடம்.

டோர்கெல் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். அவர் குரல் தணிந்தால் எங்கோ கூரை இடியப் போகிறது என்று நாலு வருடத்தில் நான் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

"அந்த ஏரியோட நடுப்புள்ளி எதுன்னு உங்களுக்குத் தெரியுமா? அட்சரேகை, தீர்க்கரேகை எண்ணுல?"

"தெரியும்."

"அங்க ஒரு மானை விடுங்க. புதுசா ஒண்ணு. தண்ணிக்குள்ள."

ஸிக்னேவுக்கு ஏன் என்று புரியவில்லை. எனக்கும்தான். அவள் எண்களைத் தட்டி, சிவப்பாக ஒரு புள்ளி கேட்டாள். லைப்ரரி மறு பேச்சு பேசாமல் போட்டது. ஏரி மேலே நீலமாகக் காலியாகக் கிடந்தது. சிவப்புப் புள்ளி படத்தின் அடியில், தார் ரோட்டின் நடுவில் நின்றது.

"நீந்தப் போன மான் பஸ்ஸுக்கு நிக்குது," என்றேன். யாரும் சிரிக்கவில்லை. எனக்கே சிரிப்பு வரவில்லை.

ஸிக்னே கண்ணாடியைக் கழற்றினாள். முகம் சுண்ணாம்பாகிவிட்டது. பிறகு திக்கித் திக்கிச் சொன்னாள். நிலப்படம் என்பது ஒரு போட்டோ. போட்டோவைக் கணினி மேலிருந்து கீழாக வாசிக்கும். புள்ளிகளைக் கீழிருந்து மேலாக எண்ணும். இரண்டையும் ஒன்றாகக் கொடுத்தபோது நிலப்படம் தலைகீழாக வந்து விழுந்தது. ஏரி கீழே, ரோடு மேலே. உடனே நிரலில் ஒரு சொல் சேர்த்துப் படம் முழுவதையும் கவிழ்த்தாள். ஏரி மேலே போய்விட்டது, எல்லாம் சரியாகத் தெரிந்தது. நிலப்படத்தோடு மான்களும் சேர்ந்து கவிழ்ந்தன என்பது அவளுக்குத் தோன்றவில்லை. பட்டி வட்டம், படல்கள் நேரெதிர், எல்லா மானும் கடைசியில் மேற்கே போனவை. கவிழ்ந்தாலும் ஒன்றும் உறுத்தவில்லை. உறுத்தியிருக்க வேண்டியது மான் சுற்றும் திசை ஒன்றுதான். அதை அவளே கத்தரித்துவிட்டாள்.

"ஏரி சரியா இருக்கான்னுதான் பார்த்தேன்," என்றாள். "ஏரி சரியா இருந்துச்சு."

எனக்கு அவளை அறையலாம் போலிருந்தது. அழுகிறவளை எப்படி அறைவது?

நீலாஸ் எழுந்து மேலங்கியை மாட்டிக்கொண்டிருந்தார். கூட்டத்துக்கு நேரமாகிறது என்றார். மணி பதினொன்றுகூட ஆகவில்லை. வடக்கு தெற்காகிவிட்டால் எந்தப் படல் எந்தப் படல் ஆகும் என்று அந்த அறையில் முதலில் புரிந்துகொண்டவர் அவர்தான்.

"சரியாக்கிப் போடச் சொல்லட்டுமா?" என்று டோர்கெல் அவரிடம் கேட்டார். "நீங்க சொன்னாத்தான் போடுவேன்."

நீலாஸ் பொத்தானைப் போட்டார், கழற்றினார். "போடு," என்றார் ஸிக்னேயிடம்.

இந்த முறை மான்கள் இடப்பக்கமாகச் சுற்றின. ஐந்து நாற்பத்தொன்றுக்கு முதல் புள்ளி தெற்குப் படலைத் தாண்டியது. வடக்குப் படல் பக்கம் ஒன்றுகூடப் போகவில்லை. ரிஸ்டென் கயிற்றைக் கட்டியிருந்தாள். நீலாஸ் நின்றபடியே கடைசிப் புள்ளி போகும்வரை பார்த்தார்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்து நான் பையை எடுத்தேன். டோர்கெல் நகரவில்லை.

"போலீஸ் கோப்புல ஒரு வரி இருக்கு," என்றார் நீலாஸிடம், மெதுவாக. "ஆன்டேவோட போன்ல கடைசி அழைப்பு. அஞ்சு முப்பத்தெட்டு, நாலு நிமிஷம். அப்பான்னு இருக்கு. கடைசியா மகன்கிட்டப் பேசக் கொடுத்து வச்சாரேன்னு நினைச்சு நான் தாண்டிப் போயிட்டேன். போன வாரம் நானும் ஐலியும் அந்தப் பட்டியில நின்னு பார்த்தோம். அங்க போன் அடிக்கும், பேச்சு காதுல விழாது. பேசணும்னா தெற்குப் படலைத் திறந்துட்டுப் போய் மேட்டுல ஏறணும்."

ஸிக்னே மூக்கை உறிஞ்சுவதை நிறுத்தினாள்.

"என்ன பேசினீங்க?"

நீலாஸ் மறுபடி உட்கார்ந்தார். பனி ஸ்கூட்டரின் சாவியைக் காணவில்லையாம். எங்கே வைத்தாய் என்று கேட்கக் கூப்பிட்டிருக்கிறார். இருப்பா, கேக்கலை, மேட்டுல ஏறிப் பேசுறேன் என்றானாம் அவன். ஏறினான். எனக்குத் தெரியாது என்றான்.

"அதுக்கு ஒரு நிமிஷம்," என்றார். "மூணு நிமிஷம் திட்டினேன். பொறுப்பு கிடையாது, ஒரு பொருளை வச்ச இடம் ஞாபகம் கிடையாது, நீயெல்லாம் ஒரு மனுஷனான்னு."

"சாவி?" என்று கேட்டது நான்தான். கேட்டிருக்கக் கூடாது.

"என் பழைய கோட்டுல இருந்துச்சு."

டோர்கெல் காகிதத்தை எடுத்துவைத்துக்கொண்டு, இதையும் எழுத வேண்டுமா என்று கேட்டார். அவர் எங்களிடம் கேட்டது படத்தைப் பற்றி மட்டும்தான் என்றார் நீலாஸ். டோர்கெல் படத்தைப் பற்றி மட்டும் அரைப் பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு மணிக்கு நீலாஸ் சங்கத்து மண்டபத்தில் எழுந்து நின்றதை நான் குறை சொல்ல முடியாது. படத்தைப் போடச் சொன்னார். நாற்பது பேரும் மான் சுற்றும் திசையைப் பார்த்தார்கள். விளக்கமே தேவைப்படவில்லை, ஒரு பெருமூச்சு வரிசை வரிசையாகப் போனது. வடக்குப் படல் மூடியிருந்தது, திறந்து கிடந்தது தெற்குப் படல், அது என் மகனுடையது என்று கணீரென்று சொன்னார். தீர்மானத்தைக் கிழித்துப் போட்டார். மகனைப் பற்றி ஆறு வாரமாக ஊர் பேசிய பெருமையைத் தன் கையாலேயே இறக்கி வைத்தார். அதோடு அவர் உட்கார்ந்திருந்தால் நான் அவரைக் கும்பிட்டிருப்பேன்.

ஒரு கிழவர் கேட்டார், ஆன்டே ஏன் படலை விட்டுப் போனான் என்று.

"தெரியாது," என்றார் நீலாஸ்.

டோர்கெல் தன் காலுறையைப் பார்த்தார்.

ரிஸ்டென் மூன்றாவது வரிசையில் இருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கயிறு அறுத்த தழும்பு இரண்டு உள்ளங்கையிலும் இருந்தது. எல்லாரும் அவள் தோளைத் தட்டினார்கள். அவள் முகத்தில் ஒரு நிம்மதியும் வரவில்லை.

"முதல்ல நான் கட்டினேன்னுதான் ஞாபகம் இருந்துச்சு," என்றாள். "அப்புறம் அந்தப் படத்தைப் பார்த்தேன். கயிறு ஆணியில தொங்குறது, நான் பார்க்காமப் போறது, எல்லாம் எனக்கு ஞாபகம் வந்துச்சு. தினமும் வந்துச்சு. இப்போ கட்டினேன்கிறீங்க. கட்டின ஞாபகம் எனக்கு வரமாட்டேங்குது."

மெல்ல மெல்ல ஆட்கள் கிளம்பினார்கள். அவள் கெட்டிலை எடுத்து ஒரு கோப்பையில் காப்பி ஊற்றி, நீலாஸிடம் கொண்டுபோய் நீட்டினாள்.

"விடுங்க மாமா. நீங்க என்ன பண்ணுவீங்க பாவம்."

அவர் வாங்கிக்கொண்டார்.

நான் வெளியே வந்து கார்க் கதவை அறைந்து சாத்தினேன். எங்களைக் கேட்டது படம் சரியா என்று, சரியில்லை என்று சொல்லிவிட்டோம், நம் வேலை தீர்ந்தது என்றார் டோர்கெல். அவர் என்னைப் பார்க்காமல்தான் சொன்னார். ஒரு பொய்ப் படத்தைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் அரைப் படத்தை மாட்டியிருக்கிறோம் என்றேன். முன்னே அந்தப் படம் அவளைக் கொன்றது, இப்போது நாம் பதில் சொல்ல முடியாத ஒருவனைக் கொல்கிறோம் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், எழுத லாயக்கில்லை.

"ஐலி. அவர் நம்மை நம்பிச் சொன்னது."

"அவளும் ஒருத்தரை நம்பித்தான் காப்பி ஊத்துறா பாஸ்."

அவர் தடுக்கவில்லை. கார்ச் சாவியை அவர் மடியில் போட்டுவிட்டுத் திரும்ப உள்ளே போனேன்.

மண்டபத்தில் அவர்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள். அவள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நீலாஸ் கோப்பையைக் கையில் வைத்தபடி என்னைப் பார்த்தார். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. வேண்டாம் என்று அவர் தலையசைத்தாரா, அல்லது சொல் என்றாரா, என்னால் இன்றுவரை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நான் ரிஸ்டெனை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, எதிரே ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"அன்னிக்கு அஞ்சு முப்பத்தெட்டுக்கு ஆன்டேவுக்கு ஒரு போன் வந்துச்சு," என்றேன். "யார் பண்ணாங்கன்னு உங்க மாமாவைக் கேளுங்க."